கோணல் வேலிக்கு இரண்டு சாட்சிகள்

இன்று 2025 அக்டோபர் பதினேழு, வெள்ளிக்கிழமை. எனக்கு எழுபத்தாறு வயதும் நான்கு மாதமும் ஆறு நாளும் ஆகின்றன. வயதை இவ்வளவு திருத்தமாகச் சொல்வது பெருமைக்காக அல்ல. இதைப் படித்து முடித்தபின் "அம்மாவுக்கு வயசாயிடுச்சு, எதையோ எதோட போட்டுக் குழப்பிக்கிறாங்க" என்று நீ ஹனாவிடம் சொல்லக்கூடும் என்ற சந்தேகத்தால் சொல்கிறேன். எதையும் குழப்பிக்கொள்ளவில்லை. காலையில் ஆராதனைக்குப் போனேன். ஆல்ட்டோ பிரிவில் என் அருகில் நின்ற பெண் இரண்டாம் சரணத்தில் சுருதி இறங்கியதைக் கவனித்தேன். திரும்பி வந்து மீனைக் கழுவி வைத்துவிட்டு எழுத உட்கார்ந்திருக்கிறேன். ஏறக்குறைய ஐம்பது வருடமாக இந்த வளைகுடா நாடுகளில் ஞாயிற்றுக்கிழமையை வெள்ளிக்கிழமையில் கொண்டாடி வருகிறேன். ஆகையால் எது அசல், எது அதன் இடத்தில் வைக்கப்பட்டது என்ற விஷயத்தில் நான் எளிதில் ஏமாறுவதில்லை.

நீயும் ஹனாவும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கார்கோ அலுவலகத்துக்குப் போயிருக்கிறீர்கள். இந்த ஷார்ஜா வீட்டில் பாதி அட்டைப் பெட்டிக்குள் போய்விட்டது, மீதி அதற்குக் காத்திருக்கிறது. அடுத்த மாதம் நீ வேலையை விட்டுவிட்டு உன் மனைவியின் ஊருக்கு, செக் நாட்டில் ஒரு குளக்கரைக் கிராமத்துக்கு, குடும்பத்தோடு போகிறாய். என் விசா உன் பெயரில் இருக்கிறது. நீ போனால் நானும் போகவேண்டும், நாகர்கோவிலுக்கு. அதைப் பற்றி எனக்கு முறையீடு எதுவும் இல்லை. அங்கே எனக்கு வீடு இருக்கிறது. வாசல் கேட்டை வெள்ளையடித்ததாகச் சொல்லி என்னை ஏமாற்றும் ஆள்களும் இருக்கிறார்கள். பொழுது போகும். இந்தக் கடிதம் உன் பயணத்தைத் தடுப்பதற்கு அல்ல. நீ அங்கே போய்ச் சொல்லப்போகும் ஒரே ஒரு வாக்கியத்தைப் பற்றியது.

போன வாரம் சாப்பாட்டு மேசையில் உன் உரையை வாசித்துக் காட்டினாய். வசந்தகாலத்தில் அந்த ஊரின் பழைய பள்ளிக்கூடம், உன் மாமனார் ஆயுள் முழுவதும் சேர்த்த ஆட்டப் பாடல்களுக்கான இசைக்கூடமாகத் திறக்கப்படுகிறது. நீயும் ஹனாவும் அதன் மாடியில் குடியிருந்து அதை நடத்தப்போகிறீர்கள். திறப்பு விழாவில் ஊராரும் பல்கலைக்கழகத்தாரும் கூடியிருக்க, நீ எழுந்து நின்று சொல்லப்போகிறாய்: "இங்குள்ள ஒவ்வொரு மெட்டும் இந்த ஊர் மக்களின் வாயிலிருந்தும் கையிலிருந்தும் எடுக்கப்பட்டது. இதற்கு நான் பொறுப்பு." அந்த வாக்கியத்தை எடுத்துவிடு என்றேன். நீ சிரித்தாய். "அம்மா, நீங்க எல்லாத்தையும்தான் சந்தேகப்படுவீங்க. அது உங்க ஹாபி" என்றாய். ஹனாவும் சிரித்தாள். ஒரு கிழவியின் பொழுதுபோக்கை இரண்டு பேர் மதித்துச் சிரித்தது போல இருந்தது. ஆகவே வாயால் சொல்லாமல் எழுத்தால் சொல்கிறேன். எழுத்தைப் பார்த்துச் சிரிப்பது சற்றுக் கடினம்.

என் பொழுதுபோக்கைப் பற்றி முதலில் ஒரு வார்த்தை. தொண்ணூறில், இராக் படை நுழைந்த வருடம், நாம் குவைத்தில், அப்பாசியாவில், இருந்தோம். நீ ஆறு வயதுப் பையன். நான் அங்கே பள்ளிக்கூடத்தில் சரித்திர ஆசிரியை. ஒன்றும் நடக்காது டீச்சர் என்று கட்டடம் முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தபோது நான் குளியல் தொட்டி நிறையத் தண்ணீர் பிடித்து வைத்தேன். உன் அப்பா என்னைப் பார்த்துச் சிரித்தார். பிறகு அந்தத் தண்ணீரைக் குடித்தார். சந்தேகம் என்பது கெட்ட மனசின் அடையாளம் என்று உன் தலைமுறை நினைக்கிறது. எனக்கு அது வீட்டுப் பொறுப்பின் ஒரு பகுதி, அரிசியில் கல் பார்ப்பது போல.

தவறிய சந்தேகங்களும் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். நீ ஹனாவை முதன்முதலில் அழைத்து வந்தபோது, துபாயில் நல்ல ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்டாக இருக்கும் பெண், நம் பையனிடம் என்ன கண்டாள் என்று யோசித்தேன். பெற்ற தாய் இப்படி யோசிக்கலாமா என்று கேட்காதே. பெற்றவளுக்குத்தான் சரக்கின் தரம் தெரியும். அவள் எதையோ மறைக்கிறாள் என்று முடிவு செய்து, ஒரு வருடம் அவளைக் கவனித்தேன். அவள் மறைத்தது ஒன்றே ஒன்று: நான் வைக்கும் மீன்குழம்பின் காரத்தில் அவள் கண்ணில் வந்த தண்ணீர். அந்த விஷயத்தில் தோற்றேன். தோற்றதில் வருத்தமில்லை.

அவளுடைய அப்பாவின் மேல் எனக்கு எழுந்த சந்தேகம் வேறு வகை. கல்யாணத்துக்கு முந்தின குளிர்காலத்தில் அவர் மகளையும் மாப்பிள்ளையையும் பார்க்க வந்து இறங்கினார். மனைவியை இழந்தவர், ஓய்வு பெற்ற கிராமப் பள்ளி ஆசிரியர், உயரமான ஒல்லி மனிதர், காதில் முடி. ஒரு கையில் வயலின் பெட்டி, மறு கையில் கனத்த சூட்கேஸ். அதில் துணி குறைவாகவும் காகிதம் அதிகமாகவும் இருந்ததை நான் உடனே கண்டுகொண்டேன். நீ ஒலிப்பதிவு வேலை தெரிந்தவன். இந்த மனிதருக்கு மருமகன் தேவையா, தன் காகிதங்களைப் பாதுகாக்க ஓர் ஆள் தேவையா என்று எனக்குள் கேட்டுக்கொண்டேன். இப்போது நீ எங்கே போகிறாய் என்பதைப் பார்த்தால், அந்தக் கேள்வி அவ்வளவு அநியாயமானதில்லை என்று நீயே சொல்வாய்.

அவரும் என்னைச் சந்தேகித்தார். அதுதான் அவரிடம் எனக்குப் பிடித்த முதல் விஷயம். சோபாவில் உட்கார்ந்து, தேநீரை முகர்ந்து பார்த்துவிட்டு, உன் பள்ளி மதிப்பெண் பட்டியலைப் பார்க்கலாமா என்று கேட்டார். அவருடைய ஆங்கிலம் இலக்கணத்தில் குறையற்றது, உச்சரிப்பில் செங்கல் அடுக்குவது போல. நான் எழுந்து போய் உன் பட்டியலை எடுத்துவந்து கொடுத்துவிட்டு, ஹனாவுடையது எங்கே என்று கேட்டேன். அவர் சூட்கேஸிலிருந்து எடுத்தார். கொண்டே வந்திருந்தார். நீங்கள் இருவரும் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, நாங்கள் இரண்டு கிழட்டு ஆசிரியர்களும் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அடுத்தவர் பிள்ளையின் கணக்குப் பாடத்தை ஆராய்ந்தோம். அன்றிலிருந்து அவர் என்னை அவர்கள் மொழியில் 'பானி உச்சிதெல்கா' என்று அழைத்தார். ஆசிரியை அம்மா என்று அர்த்தமாம். நான் அவரை 'ஸார்' என்றேன். சம்பந்தி முறை எல்லாம் அதற்குப் பிறகு வந்த அலங்காரம்.

அவருடைய காகிதங்களை நான் படித்தேன் என்பது உனக்குத் தெரியும். ஏன் அத்தனை நாள் எடுத்தேன் என்பது தெரியாது. எங்கள் ஊரில் கோயில் பாடகர் குழுவில் சேர்ந்த பிள்ளை எழுத்துக் கூட்டிப் படிப்பதற்கு முன்னே ஐந்து கோட்டு இசைக்குறிப்பைப் படித்துவிடும். ஆகவே நான் அவற்றை மெட்டுகளாகவே வாசித்தேன். கல்யாண வீட்டு ஆட்டங்கள், பன்றி அடிக்கும் நாளின் ஆட்டங்கள், வாத்து மேய்க்கும் பெண்களின் சுற்றாட்டம். அந்த நாட்டில் கம்யூனிஸ்ட் கட்சி ஆட்சி இருந்த காலத்தில், ஆண்டு விழாவுக்குப் பிள்ளைகளைக் கஞ்சி போட்ட உடையில் வரிசையாக நிறுத்தி ஆடவைக்கும்படி மேலிடத்து உத்தரவு வருமாம். அதற்குத் தகுந்தபடி மெட்டுகளைச் சீவி, வகிடெடுத்து, பவுடர் பூசிக் கொடுப்பாராம். உத்தரவுக்கு வேண்டாத கரடுமுரடானவற்றைத் தனக்கென்று தனியே எழுதி வைத்துக்கொண்டார். எனக்கு அங்கேயே சந்தேகம் எழுந்தது. ஒரு கையால் சீவியவர் மறு கையால் சீவாமல் இருந்திருப்பார் என்று எப்படி நம்புவது? கேட்டேன். அவர் கோபப்படவில்லை. தன் முறையைச் சொன்னார்.

அந்த முறையை நீ உன் உரையில் ஒரு வரியில் தாண்டிப்போகிறாய், தாண்டாதே. எந்த மெட்டையும் அவர் ஒரே ஒருவர் பாடக் கேட்டு எழுதியதில்லை. இரண்டு பேரிடம் கேட்கவேண்டும், வெவ்வேறு நாள்களில், ஒருவர் பாடியது மற்றவருக்குத் தெரியாமல். இருவரும் ஒரே இடத்தில் ஒரே மாதிரி சறுக்கினால்தான் அது ஊர் மெட்டு. இல்லாவிட்டால் அது ஒரு மனிதனின் மறதி. எழுதியபின் மேலே இரண்டு சாட்சிகளையும் குறிப்பார்: பால்காரி, தெற்கு வீடு; கிளாரினெட் வாசித்த தச்சன், மாதாகோயில் சந்து. தன் ஊரையே நம்பாமல் தன் ஊரைக் காப்பாற்றியவர். ஒருவரும் தன்னை அவ்வளவு சந்தேகிக்காதபோதும் தன்னைத் தானே சந்தேகித்தவர். உன் அப்பா தங்கமானவர், ஆனால் எல்லோரையும் நம்பினார். இப்படி ஒரு மனிதரை நான் அறுபது வயதுக்கு மேல்தான் சந்தித்தேன் என்பதை எழுதி வைக்கிறேன். இதில் வேறு அர்த்தம் தேடாதே.

உன் மாமா ஸ்டீபன் ஸாரின் வயலினுக்கு ஆடி விழுந்த நாளை நீ மறந்திருக்க மாட்டாய். என் தம்பி அப்போது ஓமானில், சோஹார் துறைமுகத்தில் இருந்தான்; சம்பந்தியைப் பார்க்கிறேன் என்று எல்லை தாண்டிக் காரில் வந்தான். ஷார்ஜாவில் பீர் கிடைக்காது என்ற செய்தியை ஸார் ஒரு துக்கச் செய்தி போல ஏற்றுக்கொண்டிருந்தார். ஸ்டீபன் வந்த அன்றே இருவரும் "காற்று வாங்க" அஜ்மானுக்குப் போனார்கள். கடற்கரை நம் வீட்டிலிருந்து எதிர்த் திசையில் இருக்கிறது என்பதை நான் எடுத்துச் சொல்லவில்லை. காற்று வாங்கித் திரும்பியபின் ஸார் வயலினை எடுத்தார். அவர்கள் ஊரில் ஒரு வழக்கமாம்: ஆட விரும்புகிறவன் இசைக்காரர்கள் முன்னால் வந்து நின்று, தனக்கு வேண்டிய பாட்டின் முதலடியைத் தானே பாடவேண்டும், அப்புறம்தான் அவர்கள் வாசிப்பார்கள். வாய் திறக்காதவனுக்கு ஆட்டம் கிடையாது. ஸ்டீபன் என்றைக்கு வாய் திறக்கத் தயங்கினான்? ஓணத்துக்கோ கிறிஸ்துமஸுக்கோ கேட்ட எதையோ பாடினான். ஸார் அதைச் செவியில் வாங்கி, இரண்டு சுற்று அப்படியே வாசித்து, மூன்றாம் சுற்றில் அதை 'மாதெனிக்' ஆக்கிவிட்டார்.

மாதெனிக் என்றால் குழப்புகிறது என்று பொருள். இரண்டு தட்டாகப் போகும் மெட்டு சொல்லாமல் கொள்ளாமல் மூன்று தட்டாக மாறும். மூன்று என்று கால் பழகியதும் இரண்டுக்குத் திரும்பும். எங்கே மாறும் என்பது ஊராருக்குத் தெரியும், வெளியாளுக்குத் தெரியாது. வெளியூர் மாப்பிள்ளையும் கவனமில்லாதவனும் நடுச் சபையில் தடுக்கி விழுவதற்கென்றே செய்த ஆட்டம். ஸ்டீபன் காப்பி மேசையின் மேல் விழுந்தான். கீழ்வீட்டுக்காரர் வாட்ச்மேனை அனுப்பினார்.

"அக்கா, ரெண்டுன்னு நெனச்சு கால வச்சா மூணால்லா வருகு" என்றான் தரையில் உட்கார்ந்தபடி. "இவரு கணக்கு வாத்தியாருன்னு சொன்னியளே. இவருட்ட படிச்ச பிள்ளைய எப்பிடி உருப்பட்டுது?"

"எழும்புல. நீ அஜ்மான்லயே விழுந்தாச்சு" என்றேன்.

ஹனா இதை அவருக்கு மொழிபெயர்த்தாள். அவர் சிரித்ததை நான் அன்றுதான் முதலில் பார்த்தேன். ஆனால் நான் அப்போது வேறொன்றைக் கவனித்துக்கொண்டிருந்தேன். ஒரு மெட்டை அவர் எவ்வளவு சுலபமாகத் தன் ஊர் மெட்டாக மாற்றிவிட்டார் என்பதை. கேரளத்திலிருந்தோ எங்கிருந்தோ வந்த ஒரு பாட்டு, ஐந்து நிமிடத்தில் குளக்கரைக் கிராமத்துப் பாட்டாகிவிட்டது. இதைச் செய்யத் தெரிந்த கை, செய்யாமல் இருக்குமா? அன்று அவரிடம் இதைக் கேட்டபோது, விளையாட்டுக்குச் செய்வது வேறு, எழுதி வைப்பது வேறு என்றார். விளையாட்டுக்குச் சாட்சி வேண்டாம் என்றார்.

உங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அவர் நெஞ்சுச் சளிக்காக ஒவ்வொரு குளிர்காலமும் இங்கே வந்து தங்கினார். நீங்கள் இருவரும் ட்யூட்டிக்குப் போய்விட்டால் வீட்டில் நாங்கள் இருவரும்தான், பிறகு உன் பெண் பிறந்தபோது மூவர். அவர் உருளைக்கிழங்கை உரித்தார், நான் மீனைச் சுத்தம் செய்தேன். பேச்செல்லாம் பிள்ளைகள் ஏன் பாடத்தைக் கவனிப்பதில்லை என்பதைப் பற்றி. அப்படி ஒரு பகலில்தான் அவர் கோணல் வேலியைப் பற்றிச் சொன்னார். உனக்கு அந்தப் பெயர் இன்று, ஸாரின் தொகுப்பை ஆராய வந்த பேராசிரியையின் வாயிலிருந்து கேட்டதால், பெரிய விஷயமாகத் தெரிகிறது. எனக்கு அது முதலில் ஒரு மனிதரின் மனக்குறையாகத் தெரிந்தது.

கோணல் வேலி அவர் ஊரின் பெயர் போன மாதெனிக். சுற்றுவட்டாரத்தில் எல்லோரும் அதைப் பற்றிச் சொல்வார்கள். ஆடுகிறவர்கள் சோடி சோடியாக, வளைந்த வேலி போலப் போவார்களாம். அவர் ஆசிரியராக வந்தபோது அதை வாசித்த இசைக்காரர்கள் எல்லோரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இரண்டு கிழவிகள் மிஞ்சியிருந்தார்கள். இருவருக்கும் கால் அடவு நினைவிருந்தது. வெவ்வேறு நாள்களில் ஆடிக் காட்டினார்கள்; அடவு துளியும் மாறாமல் ஒத்துப்போனது. ஆனால் மெட்டு? கால் இருக்கிறது, பாட்டு இல்லை. ஒருத்தி வாயைத் திறந்து மூடினாளாம். மற்றவள் அழுதாளாம். அவர்களும் போனார்கள். வருடக்கணக்காகப் பக்கத்து ஊர்களில் தேடியும் கிடைக்கவில்லை. "என்னிடம் நடக்கிற கால்கள் இருக்கின்றன, பானி உச்சிதெல்கா. அவற்றுக்கு மேலே ஆள் இல்லை" என்றார்.

இனி நான் சொல்வதைக் கவனமாகப் படி. அவர் எனக்கு அதைச் சொன்ன குளிர்காலத்தில் கோணல் வேலிக்கு மெட்டு இல்லை. இன்று உன் கையில் இருக்கும் தொகுப்பில் மெட்டு இருக்கிறது. மற்ற எல்லாவற்றின் மேலும் பால்காரியும் தச்சனும் பெயரோடும் தெருவோடும் நிற்கிறார்கள். இதன் மேல் மட்டும் 'இருவரிடம் கேட்டது' என்று இருக்கிறது. யார், எந்த வீடு என்று இல்லை. தன் வாழ்நாளில் வேறெங்கும் சாட்சியின் பெயரை விடாதவர் இங்கே ஏன் விட்டார்? போன வாரம் இதைத்தான் உன்னிடம் கேட்டேன். நீ பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டே பதில் சொன்னாய்: "யாராவது பாட்டி கடைசில ஞாபகப்படுத்திச் சொல்லியிருப்பாங்கம்மா. பேர் வேணாம்னு சொல்லியிருப்பாங்க. கிராமத்துல அப்படித்தானே." உனக்கு எந்தக் கிராமத்தைத் தெரியும் என்று நான் கேட்கவில்லை. அப்பாசியாவில் பிறந்து, மங்காஃபில் டியூஷன் படித்து, ஷார்ஜாவில் தலை நரைக்கத் தொடங்கியவன் நீ. தொண்ணூறில் ஓடிப்போய்த் தங்கிய மாதங்களை விட்டால், நாகர்கோவிலில் சேர்ந்தாற்போல மூன்று மாதம் இருந்தவனில்லை.

அதற்கு வெகு முன்பே அந்தப் பேராசிரியை வந்துபோயிருந்தாள். அவளை நான் குறை சொல்லவில்லை. படித்தவள், கண்ணியமானவள், வீட்டுக்கு வந்தபோது செருப்பை வாசலிலேயே கழற்றினாள். ஸார் இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. தொகுப்பைப் புரட்டிக்கொண்டே வந்தவள் கோணல் வேலியில் நின்றாள். தாளம் மாறும் ஒழுங்கு இதுவரை யாரும் பதிவு செய்யாத விதமாக இருக்கிறது, மிகப் பழமையான ஓர் அடுக்கு இதில் தப்பிப் பிழைத்திருக்கலாம் என்றாள். ஹனாவின் கண் நிறைந்தது. நான் சமையலறைக்குப் போய்விட்டேன். அவள் எழுதிய கட்டுரையைப் படித்துத்தான் அந்த ஊராட்சி பள்ளிக்கூடத்தை உங்களுக்குக் கொடுக்க முன்வந்தது. அந்த ஒரு மெட்டின் மேல்தான் கட்டடம் நிற்கிறது. கட்டடத்தின் மேல் நீ உன் மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் ஏற்றுகிறாய். உனக்கு வாக்கியத்தின் மேல் அக்கறை இல்லாமல் இருக்கலாம். எனக்குக் கட்டடத்தின் மேல் இருக்கிறது.

அங்கே நீ எப்படிப்பட்ட ஆள் என்பதை எண்ணிப்பார். கறுத்த மருமகன், அரபு நாட்டிலிருந்து வந்தவன், அவர்கள் பாட்டுக்கு அவர்களிடமே பொறுப்பு சொல்கிறவன். முதல் நாள் கைதட்டுவார்கள். மறுநாளிலிருந்து எங்கே தடுக்குவான் என்று பார்ப்பார்கள். அதில் கெட்ட எண்ணம் எதுவும் இராது. மாதெனிக் ஆடிய பரம்பரை வேறெப்படிப் பார்க்கும்? சிறு தடுக்கல்களில் ஸ்டீபன் மாமாவைப் போலத் தரையில் உட்கார்ந்து சிரித்துவிடு. அது உன்னைக் காப்பாற்றும். ஆனால் சபை நடுவில் எழுந்து நின்று, உனக்குத் தெரியாத ஒன்றுக்கு நான் சாட்சி என்று சொல்லிவிட்டு, பின்னால் யாரோ ஒருவர் அதைக் கிளறி எடுத்தால், அப்போது சிரிக்க முடியாது. ஹனாவின் அப்பா பொய்யர் என்பார்கள். அந்த மனிதர் பொய்யர் இல்லை. அவரை நான் எத்தனையோ குளிர்காலம் சோதித்துப் பார்த்தவள், சொல்கிறேன், இல்லை. பெயரைப் போடாமல் விட்டது அவர் குற்றமுமில்லை. போடவேண்டாம் என்று கேட்டுக்கொண்டது நான்.

ஆம். இப்போது நீ இரண்டாம் முறை படிப்பாய், படி, காத்திருக்கிறேன்.

என் பேச்சு இதுவரை சந்தேகம் போலத் தோன்றியிருக்கும். இந்த ஒரு விஷயத்தில் எனக்குச் சந்தேகமே கிடையாது. நீ பிறப்பதற்கு முன்னால், அப்பாசியா பள்ளியில் மூன்றாம் வகுப்புக்கு என்னை ஒரு பருவம் மாற்றிப் போட்டார்கள். கடைசி மணி நேரத்தில் அந்தப் பிள்ளைகள் வெந்துபோன கீரை போலக் கிடப்பார்கள். யார் விழித்திருக்கிறான், யார் விழித்திருப்பது போல நடிக்கிறான் என்று கண்டுபிடிக்க நான் ஒரு கைதட்டு இட்டுக்கட்டினேன், ஸ ரி க ம என்று ஒரு சின்ன மெட்டோடு. இரண்டு தட்டாகப் போய், திடீரென்று மூன்றாகும். கவனமில்லாதவன் கை தனியாகத் தட்டும், மாட்டிக்கொள்வான். எந்தக் கிராமத்துச் சொத்துமல்ல. கடல்புறத்துப் பாட்டுமல்ல, கோயில் பாட்டுமல்ல. ஒரு ஆசிரியையின் பொறி, அவ்வளவுதான். உன்னைச் சாப்பிடவைக்கவும் அதைத் தட்டியிருக்கிறேன். தொண்ணூறில் குவைத்தைவிட்டு ஓடியபின் எனக்கு அதைத் தட்டத் தோன்றவில்லை. முப்பது வருடம் கழித்து, உன் மகள் இட்லியைத் துப்பிக்கொண்டிருந்த ஒரு காலையில் கை தானாகத் தட்டியது.

ஸார் சமையலறை வாசலில் நின்றார். மறுபடி தட்டச் சொன்னார். இன்னொரு முறை. பிறகு வீட்டுச் செருப்போடு அந்தத் தரையில் நடந்தார், அந்தக் கிழவிகளின் அடவை, என் பாட்டுக்கு. ஓர் இடத்திலும் கால் மிஞ்சவில்லை, ஓர் இடத்திலும் பாட்டு மிஞ்சவில்லை. இது எங்கிருந்து என்று கேட்டார். உள்ளதைச் சொன்னேன். எங்கள் ஊரிலும் இதை அதற்குத்தான் ஆடினார்கள், யார் கவனமாக இல்லை என்று பார்க்க என்றார். எழுதிக்கொள்ளலாமா என்று அனுமதி கேட்டார். எழுதுங்கள், என் பெயர் வேண்டாம். பெயரைப் போட்டால் உங்கள் ஊர் சிரிக்கும், என் ஊர் நம்பாது என்றேன். அந்தக் காகிதங்களை அவரைத் தவிர யாரும் பார்க்கப்போவதில்லை என்றுதான் அன்று இருவருமே எண்ணியிருந்தோம். ஆனாலும் அவர் அன்று எழுதவில்லை. ஒரு சாட்சிதான் ஆயிற்று என்றார். இன்னொரு சாட்சிக்கு எங்கே போவது, அந்தப் பிள்ளைகள் எல்லாம் கனடாவில் என்றேன். காத்திருக்கிறேன் என்றார்.

இந்த மெட்டை என்ன செய்வது என்பதை இனி நீ தீர்மானி. பேராசிரியையிடம் முதலில் சொல்வாயா, ஹனாவிடமா, சபையிலேயா என்பதில் நான் தலையிடமாட்டேன். கட்டடம் கைவிட்டுப் போனால் நாகர்கோவில் வீட்டில் மாடி காலியாக இருக்கிறது. அந்தத் தாளின் மேல் பெயர் எழுதத் துணிந்தால் இரண்டையும் எழுது. ஏனென்றால் அவர் காத்திருந்தது வீண்போகவில்லை. அந்தக் குளிர்காலம் முடிவதற்குள் ஒரு நாள் நீ அவரைக் கடற்கரைக்குக் காரில் கூட்டிப்போனாய், கோர்ஃபக்கானுக்கு. ரவுண்டானா சிக்னலில் வண்டிகள் நின்றபோது நீ ஸ்டீயரிங்கில் விரலால் தட்டிக்கொண்டே ஏதோ முணுமுணுத்தாயாம், மாறவேண்டிய எல்லா இடத்திலும் சரியாக மாறி. நான் அதை வீட்டில் மறுபடி தட்டியது நீ ட்யூட்டியில் இருக்கும்போது மட்டும்தான். உனக்குள் அது ஆறு வயதிலிருந்து கிடந்திருக்கிறது. அவர் மூச்சை அடக்கிக்கொண்டு, இதை எங்கே கற்றாய் என்று உன்னைக் கேட்டார். நீ சிக்னலைப் பார்த்தபடியே பதில் சொன்னாயாம்: "தெரியலையே அங்கிள். இது உங்க ஊர்ப் பாட்டுதானே?"